பஞ்சர் ஆகும், வயிறு புரட்டும், கண்ணாடி கழன்று போகும்: முதல் ட்ரையத்லானுக்குப் போகிறவர்களுக்கு

நீந்திக் கரையேறி, அப்படியே சைக்கிளில் ஏறி, அதிலிருந்து இறங்கிய கையோடு ஓடுவதுதான் ட்ரையத்லான். இதற்கான பயிற்சி அட்டவணைக்குப் பஞ்சமே இல்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்த நாளில் ஓய்வு என்று விலாவாரியாக இருக்கும். ஆனால் அவை எல்லாமே அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நான் இதுவரை போன ஐந்து போட்டிகளில் ஒன்றில்கூட அப்படி நடந்ததில்லை.

முதல் போட்டியை நான் முடிக்கவே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் உள்ளூர்ப் போட்டி. ஒலிம்பிக் தூரம், அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளில் பாதிக்கு மேல் தாண்டிய பிறகு பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. சீட்டுக்குக் கீழே தொங்கிய பையில் புது டியூப், டயர் லீவர், கைப்பம்பு எல்லாம் இருந்தன. அவற்றைக் கையில் எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது: வீட்டில் ஒரு தடவைகூட டியூப் மாற்றிப் பார்த்ததில்லை. நாற்பது நிமிடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் புது டியூபையும் லீவரால் கிள்ளி ஓட்டை போட்டேன். அப்புறம் வேனில்தான் திரும்பினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். போட்டியில் என்னென்ன கோளாறு வரலாமோ அதையெல்லாம் முன்கூட்டியே, வேண்டுமென்றே, வீட்டிலோ பயிற்சியிலோ ஒரு தடவை நடத்திப் பார்த்துவிடுவேன். நான்கு மணி நேரம் வெயிலில் மிதித்த பிறகு மூளை புதிதாக யோசிக்காது, ஏற்கெனவே பழகியதைத்தான் செய்யும். கீழே உள்ளவை அந்த ஒத்திகைகளும், அன்றைக்கு அதே கோளாறு நிஜமாகவே வந்தால் செய்ய வேண்டியவையும்தான்.

முதலில் கணக்கு

முதல் தடவை என்றால் ஸ்பிரின்ட் தூரம் போதும்: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். நம் ஆட்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே கோவாவுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். 2019 முதல் மிராமர் கடற்கரையில் நடக்கிற 70.3 போட்டி அது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தத்தை மைலில் கூட்டினால் 70.3 வரும், பெயர் அதிலிருந்து வந்தது. ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னப் போட்டியிலாவது சொதப்பிப் பார்த்துவிடுங்கள்.

எந்தப் போட்டியானாலும் கட்-ஆஃப் நேரங்களை, அதாவது ஒவ்வொரு கட்டத்தையும் முடித்தாக வேண்டிய கடைசி நேரங்களை, தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள். 70.3 தூரத்துக்குப் பொதுவாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடிக்கத் தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடம், மொத்தம் 8 மணி 30 நிமிடம் தருகிறார்கள். உங்கள் போட்டியின் கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 55 நிமிடத்தில் கரையேறி, உடைமாற்றிச் சைக்கிளை எடுக்க 8 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தில் 1:03. சைக்கிளுக்கு மிச்சம் 4 மணி 27 நிமிடம். மணிக்கு 20.2 கிலோமீட்டர் போனாலே 90-ஐ முடித்துவிடலாம். இப்போது வழியில் பஞ்சர் ஆகி 20 நிமிடம் போய்விட்டது. இனி எவ்வளவு வேகம் வேண்டும்? 21.9. கூடுதலாகத் தேவைப்படுவது மணிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கும் குறைவு.

இந்தக் கணக்கு தெரியாதவர் பஞ்சர் ஒட்டி எழுந்தவுடன் விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று 32-இல் மிதிப்பார். ஓட்டத்தில் ஐந்தாவது கிலோமீட்டரில் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நான் இந்த எண்களை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிடுவேன்.

கடலில்

நீச்சல் குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலில் நீட்டிய கை தெரியாது. கலங்கலாக ஒரு பச்சை நிறம், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் முழங்கை, முன்னால் ஒருவர் குதிகால். என் இரண்டாவது போட்டியில் முதல் மிதவையை எட்டுவதற்குள் ஒரு குதிகால் என் நீச்சல் கண்ணாடியைத் தட்டிவிட்டது. உப்புத் தண்ணீர் கண்ணில் ஏறியது, வாயிலும் போனது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. கிலோமீட்டர் கணக்கில் குளத்தில் நீந்தியவன் நான், ஆனால் அந்த நிமிடம் எனக்கு நீச்சலே தெரியவில்லை.

காப்பாற்றியது ஒத்திகைதான். அப்படி ஆனால் உடனே மல்லாந்துவிட வேண்டும் என்று குளத்தில் இருபது தடவையாவது செய்து பார்த்திருந்தேன். மல்லாந்து காதைத் தண்ணீரில் விட்டு, மூச்சை உள்ளே இழுப்பதை விட்டுவிட்டு வெளியே விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். நீளமாக, உதடு குவித்து, பத்துத் தடவை. பதற்றத்தில் நாம் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்போம், விட மாட்டோம். அதனால்தான் மூச்சு முட்டுகிறது. அப்புறம் மிதந்தபடியே கண்ணாடியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

அதற்கும் சரிப்படவில்லை என்றால் கையை உயர்த்துங்கள், கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க விதியில் இடமுண்டு, பிடித்தபடி முன்னே நகரக் கூடாது, அவ்வளவே. இது பலருக்குத் தெரியாமல், பிடித்தால் தகுதி போய்விடும் என்று பயந்து தவிக்கிறார்கள். அன்று கயாக்கில் இருந்தது ஒரு மீனவப் பையன். “புடிச்சுக்கோ அண்ணா, அவசரமே இல்ல, கடல் எங்கயும் போயிடாது” என்றான். ஒன்றரை நிமிடம் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன். அந்தப் போட்டியை முடித்தேன்.

குளத்தில் செய்து பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து வீச்சு நீந்தி, எந்தப் பக்கம் கோணலாகப் போகிறீர்கள் என்று பாருங்கள். எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் போவோம், நான் இடது. ஆழமான பகுதியில் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள், சுவரைத் தொடாமல். பிறகு மூன்று நண்பர்களை ஒரே பாதையில் உங்களோடு இடித்துக்கொண்டு நீந்தச் சொல்லுங்கள். இதற்கு நண்பர்கள் மிகவும் சந்தோஷமாகவே வருவார்கள். கண்ணாடி வாரைத் தொப்பிக்கு அடியில் விட்டு, மேலே இன்னொரு தொப்பி போட்டால் எவர் உதைத்தாலும் தொலையாது.

கடல் பயிற்சிக்குத் தனியாகப் போகவே போகாதீர்கள். மெரினாவிலும் அதை ஒட்டிய கரைகளிலும் இழுப்பு எவ்வளவு மோசம் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிற்சியாளரோடு, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, அந்த இடத்தை அறிந்த மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். குளிர்நாடுகளில் போடும் வெட்சூட் உடம்பை மிதக்கவைக்கும். நம் கடல் வெதுவெதுப்பானது, அந்த உதவி நமக்கு இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் சுண்டி இழுத்தால் மல்லாந்து, கால் கட்டைவிரலை முழங்காலை நோக்கி இழுங்கள். சொறி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். வீக்கமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் அன்றைக்குப் போட்டி அவ்வளவுதான், கையை உயர்த்துங்கள்.

சைக்கிளை எடுக்கும் இடம்

ட்ரான்சிஷன் என்பார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள் வரிசையாகத் தொங்கும். கண்ணெரிச்சலோடு ஓடி வரும்போது எல்லாம் ஒரே மாதிரி தெரியும். முந்தின நாளே கடல் பக்கத்து வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை என்று எண்ணிவையுங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தை அடையாளம் வைத்தால் ஏமாந்துபோவீர்கள், அவர் உங்களுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஹெல்மெட் பட்டையைக் கிளிக் என்று மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும்வரை கழற்றவும் கூடாது. இதைப் பதற்றத்தில் மறந்து தண்டனை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் இருக்கிறார்கள்.

பஞ்சர்

உலகத் தரத்தில் இருப்பவர்களுக்கும் இது வரும். 2008-இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் என்கிற நீண்ட தூர ட்ரையத்லானின் உலகப் போட்டியில் பிரிட்டனின் கிரிஸ்ஸி வெலிங்டனுக்குப் பஞ்சர் ஆனது. டியூபை மாற்றிவிட்டார். ஆனால் காற்றடிக்க வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு குப்பியை வீணாக்கிவிட்டார். நடப்புச் சாம்பியன், சாலையோரத்தில் நின்று கடந்துபோகிறவர்களிடம் குப்பி கேட்டுக்கொண்டிருந்தார். போட்டியாளரான ஆஸ்திரேலியாவின் ரெபெக்கா கீட் தன்னிடமிருந்ததை வீசிவிட்டுப் போனார். வெலிங்டன் காற்றடித்துக் கிளம்பி, பட்டத்தையும் ஜெயித்தார்.

இதில் விதியும் அடங்கியிருக்கிறது: சக போட்டியாளரிடம் டியூபோ குப்பியோ பம்போ வாங்கலாம். வேடிக்கை பார்க்க வந்த மச்சானிடம் வாங்கினால் தகுதி இழக்க நேரும்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து பழகுங்கள். பின்சக்கரத்தை வைத்துப் பழகுங்கள், அதுதான் வம்பு.

1. இறங்குவதற்கு முன்பே பின்னால் இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றிவிடுங்கள். சக்கரம் சுலபமாகக் கழன்று வரும், மாட்டும்போதும் குழப்பமிருக்காது.

2. பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றி, மிச்சக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். டயரின் விளிம்பைச் சுற்றிலும் அமுக்கிச் சக்கரத்தின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிவிட்டு லீவர் போட்டால் பாதி வேலை மிச்சம்.

3. டியூபை உருவிய பிறகு டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். அவசரத்தில் எல்லோரும் விடுவது இந்தப் படியைத்தான். நம் ஊரில் சீமைக் கருவேல முள், இல்லாவிட்டால் லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பி. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் மறுபடி உட்காரும்.

4. புது டியூபுக்கு வாயால் ஊதின அளவு காற்று மட்டும் கொடுத்து வடிவம் வரவைத்து உள்ளே வையுங்கள். தட்டையாக வைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

5. டயரைக் கட்டைவிரலாலேயே உள்ளே தள்ளுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடித்தால் கடைசி அரை ஜாண் எளிதாகப் போகும். லீவரை எடுத்தால் என் கதைதான்.

6. சுற்றிலும் டயரைப் பிதுக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டுக் காற்றடியுங்கள். 16 கிராம் குப்பி ஒன்று ஒரு ரோடு சைக்கிள் சக்கரத்துக்குப் போதும். உலோகம் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்துவிடும், துணியைச் சுற்றிப் பிடியுங்கள்.

முதல் தடவை எனக்கு 35 நிமிடம் ஆனது. பத்தாவது தடவை 9. அப்புறம் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு தடவை செய்தேன், ஏனென்றால் போட்டியில் கை வியர்வையும் சன்ஸ்கிரீனுமாக வழுக்கும். வீட்டில் உள்ளவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

செயின் கழன்றால் உடனே இறங்க வேண்டாம். மெதுவாக மிதித்துக்கொண்டே, உள்பக்கம் விழுந்திருந்தால் முன் கியரைப் பெரிய சக்கரத்துக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தானே ஏறிக்கொள்ளும். எதிர்காற்று அடித்தால் வேகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்துவிட்டால் முதலில் தலையைக் கவனியுங்கள். ஹெல்மெட் அடிபட்டு விரிசல் விட்டிருந்தால் மேலே போகக் கூடாது, உடம்பு எவ்வளவு தெம்பாகத் தோன்றினாலும் சரி.

வயிறு

1978-இல் ஹவாயின் ஓஹூ தீவில் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முன்னணியில் ஓடிய ஜான் டன்பரின் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்தார்கள். அவர் இரண்டாவதாக வந்தார். நமக்கு அது வேண்டாம்.

சின்னப் பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல்லைத் தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று அடுத்தடுத்து விழுங்கினால் வயிறு கல் மாதிரி ஆகிவிடும். சர்க்கரை கெட்டியாக உட்கார்ந்துகொண்டு இறங்காது. ஒவ்வொரு ஜெல்லுக்கும் நாலைந்து மிடறு வெறும் தண்ணீர். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து ஒரு நல்ல தொடக்க இலக்கு. ஒரு ஜெல்லில் ஏறக்குறைய 25 கிராம், நடுத்தர வாழைப்பழத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பேரீச்சம்பழமும் நன்றாக வேலை செய்கிறது. எதுவானாலும் பயிற்சியில் நாலைந்து தடவை சாப்பிட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். கோவாவுக்குப் போய் இறால் சாப்பிடாமலா என்று கேட்காதீர்கள். போட்டி முடிந்து சாப்பிடுங்கள்.

குமட்டல் வந்துவிட்டால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பத்து நிமிடம் தண்ணீர் மட்டும் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஓடும்போது ரத்தமெல்லாம் தசைக்கே போய்விடுவதால் வயிறு வேலை செய்யாமல் நிற்கிறது, வேகம் குறைந்தால் அதுவாகத் தொடங்கும். மறுபக்கம், பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஏற்றுவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் அதன் அறிகுறிகள். தாகத்துக்குக் குடியுங்கள், எலக்ட்ரோலைட் கலந்து குடியுங்கள்.

ஓட்டமும் வெயிலும்

சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் கால் உங்களுடையது மாதிரி இருக்காது. வாரம் ஒரு தடவையாவது சைக்கிள் முடித்த கையோடு 15 நிமிடம் ஓடிப் பழகினால் அந்தத் தள்ளாட்டம் பழகிவிடும். முதல் இரண்டு கிலோமீட்டர் இது மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும் வேகம்தான் சரியான வேகம்.

தொடை பிடித்துக்கொண்டால் நின்று, நிதானமாக நீட்டி, பிடி விட்ட பிறகு நடங்கள். உப்புக் குறைந்ததுதான் காரணம் என்று உடனே எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் பயிற்சியில் போகாத வேகத்துக்குப் போன நாட்களில்தான் பிடித்திருக்கிறது. நடப்பதைத் தோல்வியாக நினைக்காமல் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்: ஒவ்வொரு தண்ணீர் மேசையையும் நடந்து கடப்பது, ஒரு கோப்பை வாய்க்கு, ஒன்று தலைக்கு, ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள்.

வெயில் விஷயத்தில் வீரம் வேண்டாம். 2016-இல் மெக்சிகோவின் கோசுமெல்லில் நடந்த ட்ரையத்லானில், ஜெயித்துக்கொண்டிருந்த பிரிட்டனின் ஜானி பிரவுன்லீ கடைசி சில நூறு மீட்டரில் தள்ளாடி நின்றுவிட்டார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி இழுத்து வந்து, எல்லைக்கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். ஒலிம்பிக் பதக்கக்காரர்களையே சாய்த்த வெயில் அது. கூட ஓடுகிறவர் கோணலாக ஓடினாலோ, பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசினாலோ உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

நிறுத்த வேண்டி வந்தால்

நெஞ்சுவலி, மயக்கம், குழப்பம், நடையையே மாற்றுகிற மூட்டுவலி. இந்த நான்கில் ஒன்று வந்தால் நிறுத்துவேன் என்று முந்தின இரவே முடிவெடுத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். சலிப்பு, கொப்புளம், “ஏன்டா வந்தோம்” எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு ஒரு ஜெல் சாப்பிட்டுவிட்டு அடுத்த மேசை வரை நடந்து பாருங்கள்.

நிறுத்தினால் சும்மா நழுவிப் போகாதீர்கள். அதிகாரி ஒருவரிடம் சொல்லி, கணுக்காலில் கட்டிய, நேரத்தைப் பதிவு செய்யும் சிப்பைக் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக நீச்சலில் விலகினால். கணக்கில் ஓர் ஆள் குறைந்தால் அவர்கள் உங்களைக் கடலுக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அறையில் குளித்துக்கொண்டிருப்பீர்கள்.

அன்று இரவு அடுத்த போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள், கோபத்தில் கட்டுவோம். அதற்குப் பதில் மறப்பதற்குள் ஒரு நோட்டில் நடந்ததை எழுதுங்கள்: எத்தனையாவது கிலோமீட்டர், என்ன ஆனது, அதற்கு முந்தின அரைமணியில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வேகம். திங்கட்கிழமை அலுவலகத்தில் “முடிச்சிட்டீங்களா சார்?” என்பார்கள். “இல்ல, சைக்கிள்ல நின்னுட்டேன்” என்று ஒரே வரியில் சொல்லிப் பழகுங்கள். விளக்கப்போனால் இன்னும் நீளும்.

அப்புறம் சைக்கிள் பை. பயன்படுத்திய டியூபையும் குப்பியையும் அன்றைக்கே மாற்றி வையுங்கள். இதை எழுதும் நான் அதைச் செய்யாமல், அடுத்த ஞாயிறு முட்டுக்காடு பாலம் தாண்டியதும் மறுபடி பஞ்சர் ஆகி, பையைத் திறந்தால் போன வாரத்து ஓட்டை டியூப். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் அதற்கு நன்றாகவே ஒட்டுப் போட்டார். காற்றடிக்கும்போதுதான் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது என்ன சார் ஊசி மாதிரி இருக்கு, நம்ம பைப் ஏறாதே” என்றார். ரோடு சைக்கிள்களின் பிரெஸ்டா வால்வு அது. அதன் மேல் திருகுவதற்குப் பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் சைக்கிள் கடையில் கிடைக்கும், சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். இரண்டு வாங்கி, ஒன்றை வால்விலேயே மாட்டி விட்டுவிடுங்கள்.